ஆம்புரோஸ் டில்ஸ்டன் சுமந்த பழியை இறக்கி வைக்கும் மடல்

முப்பத்தோராண்டுகள் ஹல் நகரத்தின் செவியையும் சிந்தையையும் சேர்த்தே ஆண்ட செம்மலே! வேந்தனாய் வந்தால் வீற்றிருந்தும், விகடனாய் வந்தால் விழுந்து புரண்டும், பாட வாய் திறந்தால் பனிக்கடல் மாலுமியரையும் பேச்சடங்க வைத்தும் நின்ற பாடகப் பெருந்தகையே! எங்கள் அன்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய ஆம்புரோஸ் டில்ஸ்டன் அவர்களே!

ஆயிரத்து எண்ணூற்றுப் பதினேழாம் ஆண்டு ஜூன் மாதத்தின் இந்த நிறைவு நாளில், நீங்கள் மேடையிலிருந்து விடைபெறும் இவ்விரவில், நாடகம் முடிந்தும் பச்சைத் திரையை இறக்காமல், ஊரார் முன்னிலையில் இம்மடலை உங்களுக்குப் படைக்கிறோம்.

இருபத்திரண்டு வயதில், இரவல் காலணியோடு யார்க் சாலை வழியே நடந்து வந்தீர்கள். ஒரே வாரத்தில் ஆறு வேடம் தரித்தீர்கள். தொண்டை கட்டிய நாளிலும் பாட்டைப் பாதியில் விட்டதில்லை. காட்சியின் நடுவே மெழுகுவத்தித் திரியைக் கத்தரிக்க முதியவர் ஜேபெஸ் மேடைக்கு வரும்போதெல்லாம் கீழ்த்தளத்தார் சீழ்க்கை அடிப்பார்கள். மகுடம் தரித்த மன்னராகவே நீங்கள் அவர் அருகில் போய், கருகிய திரி விழும் தட்டைப் பிடித்துக்கொள்வீர்கள். "ராசா கையில தட்டைப் பாருடா!" என்று சிரித்த கூட்டம், அதன்பின் அவரைக் கேலி செய்ததே இல்லை. கூத்தாடிகளைக் கடிந்து பிரசங்கம் நடந்த ஞாயிறுகளிலும் தேவாலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து, கோபமில்லாமல் சங்கீதம் பாடினீர்கள். இவையெல்லாம் ஊரறிந்தவை.

ஊரறியாத ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இம்மடல்.

நடிகருக்கு முழு நாடகமும் எழுதித் தரப்படுவதில்லை. அவரவர் வசனமும், அதற்கு முன் உடன் நடிப்பவர் சொல்லி முடிக்கும் நான்கு சொற்களும் மட்டுமே தாளில் இருக்கும். அந்த நான்கு சொற்கள் காதில் விழுந்தால் மேடையேற வேண்டும். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் மாதத்தில், மாலுமியின் மனைவியைப் பற்றிய நாடகம் ஒன்று போட்டோம். கணவன் கடலில் மாண்டான் என்று நம்பி, மனைவியாக நடிக்கும் திருமதி பிளாஸ்கெட் கறுப்புடை அணிந்து மன்றாட்டு ஜெபம் சொல்வார். ஜெபம் முடிந்தபின், சாகாத கணவராகிய நீங்கள் கும்மாளப் பாட்டோடு வீடு திரும்ப வேண்டும். ஆனால் அவர் முழந்தாளிட்டு முதல் வரியைச் சொல்லும்போதே நீங்கள் ஆடிப்பாடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டீர்கள்.

வேறு ஊராயிருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த ஆண்டு 'எலினோர்' என்ற திமிங்கல வேட்டைக் கப்பல் திரும்பவேயில்லை. அதில் போனவர்களின் பெண்டுகள் மேல்மாடத்தில் இருந்தார்கள். செத்தவர்களை நீங்கள் பரிகாசம் செய்வதாகவே அவர்கள் நினைத்தார்கள். ஆரஞ்சுத் தோலும் ஆப்பிளும் மழையாய் விழுந்தன.

"முன்னால வாய்யா! மன்னிப்புக் கேளு!"

"குனிஞ்சு கேளு! மாடத்தைப் பார்த்துக் கேளு!"

அரங்கின் அன்றைய முதலாளி கிரவுல், மறைவிடத்தில் கொதித்துக்கொண்டிருந்தார். "யார் பண்ண வேலைய்யா இது? அந்தத் தாளைக் கொண்டா இங்க! தாள்ல தப்பு இருந்துச்சுன்னா, எழுதினவன் இப்பவே தெருவுல நிப்பான்."

தாளை எழுதியவர் நதானியேல் ஸ்கேஃப். ஜெபத்தின் கடைசி நான்கு சொற்களை எழுத வேண்டிய இடத்தில், ஜெபத்திற்கு முந்திய நான்கு சொற்களை எழுதிவிட்டார். அவர் மனைவிக்கு அது பேறுகால மாதம். சுவரோடு சுவராக வெளிறி நின்றார். நீங்கள் அவர் முகத்தைப் பார்த்தீர்கள். தாளை மடித்துச் சட்டைக்குள் செருகினீர்கள்.

"தாள்ல ஒரு குத்தமும் இல்லைங்க. என் காதுதான் அவசரப்பட்டுடுச்சு."

கீழ்த்தளத்திற்கு ஒன்று, செல்வர் அமரும் பெட்டி இருக்கைகளுக்கு ஒன்று, மாடத்திற்கு ஒன்று என மூன்று முறை குனிந்து வணங்கினீர்கள். மாடத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "நாங்க அழுவுற நேரத்துல உனக்கு என்னய்யா ஆட்டம்?"

"தப்பு என்னோடதுதான், தாயி. இன்னிக்கு எனக்குப் பாட்டே வேணாம். அந்த ஜெபத்தை அவங்க முடிக்கட்டும். நாமளும் கூடச் சொல்லுவோம்."

தொப்பியைக் கழற்றிவிட்டுத் திருமதி பிளாஸ்கெட்டின் அருகில் முழந்தாளிட்டீர்கள். ஒரு குரல், பத்துக் குரல், பிறகு அரங்கம் முழுவதும் அந்த ஜெபத்தைச் சொன்னது. ஓர் ஊரின் துயரம் வாய்விட்டு ஆறியதை அன்று கண்டோம். இறைவன் அந்தப் பிழையையும் வீணாக்கவில்லை.

ஆயினும் விலை கொடுத்தவர் நீங்கள். உங்கள் பாட்டைக் கேட்டுப்பார்த்து, லண்டன் அரங்கிற்கு அழைத்துப் போக வந்திருந்த கனவான், நுழையும் நேரம் அறியாத நடிகர் வேண்டாம் என்று மறுநாள் காலை வண்டியிலேயே கிளம்பிவிட்டார். ஊரும் சும்மா இருக்கவில்லை. 'அவசர டில்ஸ்டன்' என்று பெயர் வைத்தது. சந்தையில் போனால், "என்ன அவசரம்? அடுப்பே இன்னும் பத்த வைக்கலியே!" என்று ரொட்டிக்காரரும் கேலி செய்தார். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள்.

போன வாரம் இம்மடலை எழுதும்படி நதானியேலிடம் கேட்டோம். இன்று அவர், மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் எங்கள் தலைமை உதவியாளர். அவர் சொல்லை நம்பித்தான் எல்லோரும் மேடையேறுகிறோம். பேனாவைத் தொட மறுத்தார்.

"புகழ்ந்து எழுதுறதுக்கு எனக்கு யோக்கியதை இல்லை. அந்தத் தப்பு என்னோடது. அவரு யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னுட்டாரு. முதல் வருசம் பயத்துல சொல்லல. அப்புறம் வெக்கத்துல சொல்லல."

அரங்கில் ஆரஞ்சு விற்கும் கூடைக்கார நான்சிதான் முதலில் பேசினாள். "அடப்பாவி மனுசா! அன்னிக்கு முதல் தோலை எறிஞ்சவ நான். இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவர்கிட்ட பழம் விப்பேன்?"

"ஊர் முன்னால சொல்லணும்ங்க. என் வேலை போனாலும் போகட்டும்," என்றார் நதானியேல். திருமதி பிளாஸ்கெட் அவர் கையில் பேனாவைத் திணித்து, "எழுதும். நீரே வாசியும்," என்றார்.

ஆகவே ஐயா, இதை எழுதிய கை அவருடையது. இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் குரலும் அவருடையது. அவர் வேலைக்கு யாதொரு குறைவும் வராது என்று கீழே ஒப்பமிட்டுள்ள நாங்கள் அனைவரும் உறுதி சொல்கிறோம். ஹல் நகரத்துப் பெருமக்களே, டில்ஸ்டன் ஒரு நாளும் நேரம் தவறி நுழைந்ததில்லை! அவர் பெயரின் முன்னே ஒட்டிய அந்தச் சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள்.

லண்டன் இழந்த குரலே! எங்களுக்கென்று இறைவன் நிறுத்தி வைத்த நிதியே! இனி நீங்கள் ஓய்ந்திருக்கப் போகும் பெவர்லி ஊரில், உங்கள் தங்கையின் தோட்டத்தில், நெஞ்சிருமல் தணிந்து, நல்லுறக்கமும் நல்லோர் துணையும் பெற்று, நூறாண்டு தாண்டியும் பாடியிருக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம்.

உங்கள் சொல்லை இத்தனை ஆண்டுகளில் ஒரு முறை மீறினோம். அது இம்மடல். மன்னிக்க வேண்டும்.

இங்ஙனம்,
உங்கள் அன்பில் என்றும் கடன்பட்ட
நடிகர், பாடகர், வாத்தியக்காரர், தையற்காரர், திரி கத்தரிப்போர், பழக்கூடைக்காரி நான்சி,
இவர்கள் எல்லோருக்கும் முன்னதாக,
நதானியேல் ஸ்கேஃப்
மணிக்கூண்டுச் சந்து நாடக அரங்கம், ஹல்