பாய்மரத்தில் வந்த கூறைச் சேலை

இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது சம்பந்தி, உட்கார்ந்தபடியே சொல்கிறேன். கேரி தீவுத் தோட்டத்தில் எண்ணெய்ச் செம்பனைக் குலை தூக்கியே தேய்ந்த இடுப்பு. துடுப்புப் போட இதற்குத் தெம்பில்லை. நடந்ததெல்லாம் அதனால்தான்.

ஷாமினிக்கு நான் தாய்மாமன். அவளுடைய கூறைச் சேலை, உங்கள் மகன் கிஷனின் பட்டு வேட்டி, உங்கள் வீட்டு ஆண்கள் பத்துப் பேருக்கும் ஒரே கரையில் பட்டு வேட்டி, எல்லாம் என் பொறுப்பு. என் தங்கச்சி தங்கமணி, "அண்ணே, பேசாம காடியில வந்துருங்க லா" என்றாள். காரில் யார்தான் வரவில்லை? மாமன் வரிசை கடல்வழியாகப் போர்ட் கிள்ளானில் வந்து இறங்கினால் மண்டபமே எழுந்து நின்று பார்க்கும். என்னிடம் சின்னப் பாய்ப்படகு ஒன்று இருந்தது.

அந்த வாரம் காற்று மெலிவு. படகின் முன்பக்கம் கட்டும் பாய் சின்னது, பலத்த காற்றுக்குத் தைத்தது. மெல்லிய காற்றுக்கு அந்த முன்பாய் பெரிதாக, பாய்மரத்தையும் தாண்டிப் பின்னால் வரை வர வேண்டும். படகு ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவ்வளவு துணிக்கு நான் எங்கே போவேன்? பெட்டியைத் திறந்தேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். வேட்டி எப்படியும் மண்டபத்துக்குத்தான் போகிறது. பெட்டியில் படுத்துப் போனால் என்ன, பாய்மரத்தில் நிமிர்ந்து போனால் என்ன? இறங்கியதும் தையலைப் பிரித்து, மடித்து, தட்டில் வைத்துவிடலாம். நாலு வேட்டியோடு நிறுத்தத்தான் நினைத்தேன். பிடித்துப் பார்த்தால் போதவில்லை. பத்தையும் தைத்தேன். ஒரு மூலை குறைந்தது. கிஷனுடைய வேட்டி அங்கே சரியாக உட்கார்ந்தது. கூறைச் சேலையை நான் தொட்டிருக்கவே மாட்டேன். ஆனால் பாயின் ஓரம் கிழியாமலிருக்க ஜரிகையைப் போல உறுதியானது எதுவும் இல்லை. முக்கோணம் வருவதற்காகக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நன்றாகத்தான் புறப்பட்டேன். பாதி வழியில் காற்று செத்துப்போனது. அத்தனை பட்டும் ஈரச் சாக்கு மாதிரி தொங்கியது. தங்கமணி போன் செய்தாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? ஐயர் கூறை கேக்குறாரு. வேட்டி வரும்னு நம்பி மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைங்க எல்லாம் அரைக்கால் சட்டையோட உக்காந்திருக்காங்க!"

"வந்துகிட்டே இருக்கு தங்கச்சி. நல்லா விரிச்சுத்தான் கொண்டாறேன்."

"விரிச்சா? எதை?"

போனை வைத்துவிட்டேன்.

அப்போது காப்பார் ஊர் மீனவர் திருச்செல்வம் எஞ்சின் படகில் வந்தார். "அங்கிள், கயிறைப் போடுங்க. முகூர்த்தத்துக்குள்ள இழுத்துட்டுப் போயி விட்டுர்றேன்." பிறகு அண்ணாந்து பார்த்தார். "பாய்ல என்ன அங்கிள், மயிலு?"

வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நீங்கள் கேட்டது இதைத்தானே சம்பந்தி? ஆமாம், உதவி வந்தது, நான்தான் மறுத்தேன். இழுத்துப் போயிருந்தால் நேரத்துக்கு வந்திருப்பேன். ஆனால் நான் எடுத்த பாய் அளவு சரிதானா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

நான் கரை சேர்ந்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கிஷன் அரைக்கால் சட்டையோடே தாலி கட்டிவிட்டாராம். ஷாமினி என் முகத்தைப் பார்ப்பதில்லை. கோபம் தணிந்தால் அவளுக்கே புரியும், குறை என்னிடம் இல்லை, துணியில்தான். இன்னும் ரெண்டு சேலை இருந்திருந்தால் நிச்சயம் வந்து சேர்ந்திருப்பேன்.

ஷாமினிக்கு ஒரு கூறைச் சேலை, உங்கள் மகனுக்கு ஒரு பட்டு வேட்டி, உங்கள் வீட்டு ஆண்களுக்குப் பத்து வேட்டி. இவ்வளவும் நான் இன்னும் தர வேண்டிய பாக்கி.