ஆறாம் பிரிவு நீக்கப்படுகிறது

அந்த நாற்காலியில உக்காராதீங்க வக்கீலம்மா, அது தலைவரோடது. ஸ்பிரிங் போயிடுச்சு, சாஞ்சீங்கன்னா பின்னால கவுத்துடும். அதைச் சரிபண்ணணும்னு மூணு வருஷமா கூட்டத்துல பேசிக்கிட்டிருக்காங்க. இப்படி ஜன்னல் பக்கமா வாங்க. இந்தக் கொலாச்சி பன்னுல ஒண்ணு எடுத்துக்குங்க, ஆப்ரிகாட் வச்சது, காலையில வாங்கினது. உறுப்பினர்களுக்குன்னு வாங்கினேன், ஒருத்தரும் வரலை. எர்வின் மாரெக்கோட வக்கீல் வர்றாங்கன்னு தெரிஞ்சதும் அஞ்சு பேருக்கும் ஒரே நாள்ல வேற வேலை வந்துடுச்சு.

ஆமா, பெர்னீஸ் நான்தான். இந்தத் துறைமுக வாரியத்தோட காரியதரிசி, இருபத்தேழு வருஷமா. காரியதரிசின்னா பெரிசா நினைச்சுக்காதீங்க. கடிதம் அடிக்கணும், கூட்டக் குறிப்பு எழுதணும், காப்பி போடணும், டாக்டர் லிண்ட்லி தூங்கிட்டா வாக்கெடுப்புக்கு முன்னாடி எழுப்பணும்.

நீங்க கேட்ட காகிதமெல்லாம் இந்தப் பெட்டியில இருக்கு. கூட்டக் குறிப்பு, பேப்பர்ல போட்ட அறிவிப்பு, மசோதா, பழைய சட்டம், புதுச் சட்டம். பொதுமக்கள் யார் வேணா வந்து பாக்கலாம். இந்த இருபத்தேழு வருஷத்துல அப்படிக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்.

எங்கேர்ந்து சொல்லட்டும்? சட்டத்தை மாத்தினதுலேர்ந்தா? சொல்றேன். சிரிக்கக் கூடாது.

போன வருஷம் ஜனவரியில ஹூஸ்டன்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு. பிரஸ்காட்னு பேரு, வாரியத்துக்குப் புதுசா அமர்த்தின வக்கீல். வெளிய பாத்தீங்கல்ல, வண்டி நிறுத்துற இடம் பூரா சிப்பி ஓடு. அதுல அந்த மனுஷன் பளபளன்னு ஷூ போட்டுக்கிட்டு, கோழி நடக்கிற மாதிரி நடந்து வந்தாரு. வந்து என்ன சொன்னாரு? உங்க வாரியத்தோட சட்டம் 1949ல போட்டது, ரொம்பப் பழசாயிடுச்சு, அதிகாரத்தையெல்லாம் இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி புதுப்பிக்கணும், சும்மா தூசி தட்டுற வேலைதான்னாரு. தூசி தட்டுறதுன்னே சொன்னாரு, குறிப்புல எழுதியிருக்கேன் பாருங்க.

பழைய சட்டம் நாலே பக்கம். இந்தக் கால்வாயைத் தோண்டினவங்க இருந்த காலத்துல எழுதினது. இவர் கொண்டாந்தது நாப்பத்தாறு பக்கம். அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு பிரதி குடுத்தாரு. தலைவர் ராய்ஸ் பிக்கரிங் இருக்காரே, படகு விக்கிறவரு, விளம்பரத்துல தொப்பியோட பாத்திருப்பீங்க. அவர் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிப் பாத்தாரு, தன் பேரு இருக்கான்னு. இல்லைன்னதும் மூடி வச்சிட்டாரு. டாக்டர் லிண்ட்லி மாட்டு டாக்டர், எண்பத்தோரு வயசு, அதைத் தலைக்கு அண்டக் குடுத்துக்கிட்டாரு. வாண்டா வீட்டுத் தரகு பண்றவ. அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா, இதனால வரி ஏறுமான்னு. ஏறாதுன்னாரு. அவ்வளவுதான். மத்த ரெண்டு பேரு அன்னைக்கு ராய்ஸ் எந்தப் பக்கம் கை தூக்குறாரோ அந்தப் பக்கம். எந்த நாளும் அந்தப் பக்கம்தான்.

அஞ்சுக்கு அஞ்சு. கூட்டம் மொத்தம் பதினோரு நிமிஷம். அதுல நாலு நிமிஷம் ஜெபமும் கொடி வணக்கமும். நேரம் போட்டு எழுதியிருக்கேன், இந்தாங்க.

அப்புறம் அறிவிப்பு. உள்ளூர்ச் சட்டத்தை மாத்தணும்னா முப்பது நாளுக்கு முன்னால பேப்பர்ல போடணும், தெரியுமில்ல உங்களுக்கு. நம்ம ஊருக்குன்னு ஒரு பேப்பர் வருது வாரத்துக்கு ஒண்ணு, எல்லாரும் படிப்பாங்க, யார் யாரைக் கூட்டிக்கிட்டு ஓடினாங்கங்கிறது வரைக்கும் அதுல வரும். அதுல போடலை. நாப்பது மைல் தள்ளி இருக்கிற ஊரோட பேப்பர்ல போட்டாங்க. அதுவும் மாவட்டத்துக்குள்ளதானே, சட்டப்படி செல்லும். இதோ அந்தத் துண்டு. மேல டிராக்டர் ஏலம், கீழ காணாமப் போன நாய். நடுவுல இது, எறும்பு ஊர்ற மாதிரி. அந்த நாய்க்கு எழுத்து இதைவிடப் பெரிசு.

இல்லை, நான் தேர்ந்தெடுக்கலை. பிரஸ்காட் சொன்னாரு, நான் அனுப்பினேன்.

ஏப்ரல்ல ஆஸ்டினுக்குப் போனோம், சட்டசபைக் கமிட்டி முன்னால நிக்கிறதுக்கு. வாரியத்து வேன்ல ஆறு பேரு. நானும் போனேன், மசோதாவைத் தூக்க ஒரு ஆளு வேணுமில்ல. போற வழியில வாட்டின மாட்டுக்கறி சாப்பிடணும்னு ராய்ஸ் நிறுத்தினாரு. ரெண்டு மணி நேரம். நெஞ்சுக்கறியா, விலா எலும்பான்னு நடந்த விவாதம் மாதிரி அந்த மசோதாவுக்கு ஒரு விவாதம் நடந்திருந்தா நீங்க இங்க வந்திருக்கவே வேண்டாம். கமிட்டியில எவ்வளவு நேரம்னு நினைக்கிறீங்க? நாலு நிமிஷம். நம்ம தொகுதிப் பிரதிநிதி எழுந்து, இது சும்மா உள்ளூர் விஷயம், எதிர்ப்பு ஒண்ணும் கிடையாதுன்னாரு. எதிர்த்துப் பேச யாராவது பேரு குடுத்திருக்காங்களான்னு கேட்டாங்க. இல்லை. நாய் காணாமப் போன பக்கத்தைப் படிச்சவன் எவன் அவ்வளவு தூரம் வருவான்.

சபையில அதுவும் கிடையாது. உள்ளூர் மசோதா எல்லாத்தையும் ஒரே நாள்ல வச்சுக்கிட்டு, மாட்டுச் சந்தையில ஏலம் விடுறவன் மாதிரி நம்பர் நம்பரா வாசிச்சுத் தள்ளினாங்க. கவர்னர் கையெழுத்துகூடப் போடலை. போடாம விட்டாலே சட்டமாயிடுமாம். பாருங்க, இதைப் படிக்காதவங்க வரிசை எதுவரைக்கும் போகுதுன்னு.

ஆறாம் பிரிவை எடுத்த அந்த ஒத்தை வரியா? முப்பத்தொண்ணாவது பக்கம். காட்டுறேன். இந்தா, ஆறாம் பிரிவு நீக்கப்படுகிறது. இவ்வளவுதான். ஆறாம் பிரிவுல என்ன இருந்துச்சுன்னு அதுல இருக்காது. அது தெரியணும்னா இந்த அலமாரியைத் திறந்து பழைய சட்டத்தை எடுத்துப் பாக்கணும். மூணாவது பக்கம் பாருங்க. கால்வாய்க் கரையில குடியிருந்து, மீன் பிடிச்சுப் பொழைக்கிறவனோட படகுத்துறையை, மக்கள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்டாத் தவிர, வாரியம் கட்டாயமா எடுக்கக் கூடாது. அந்தக் காலத்து ஆளுங்க. தங்களுக்கு அப்புறம் ஒரு ராய்ஸ் பிக்கரிங் வருவான்னு தெரிஞ்சிருக்கு.

அப்போ கரையில முப்பது துறை இருந்துச்சு. ஒவ்வொருத்தரா வித்துட்டுப் போனாங்க, இல்லை, புயல் கொண்டு போச்சு. இப்ப அந்தப் பிரிவு காப்பாத்துற அளவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஆளு. ஒண்ணரை ஏக்கர், ஒரு ஐஸ் கொட்டகை, ஒரு இறால் படகு, ஒரு டிரெய்லர் வீடு. எண்ணெய்க் கம்பெனி கொண்டு வர்ற கப்பலு திரும்பறதுக்கு அந்த மூலைதான் வேணுமாம். நாப்பத்தாறு பக்கமும் அந்த ஒண்ணரை ஏக்கருக்குத்தான். மிச்சமெல்லாம் பொட்டலம் கட்டின காகிதம்.

ஆமா. எர்வின்தான்.

ஆமா, எனக்கு அடுத்துப் பொறந்தவன். கல்யாணத்துக்கு முன்னால நானும் மாரெக்தான். அவன் சொல்லலையா உங்ககிட்ட? சொல்லமாட்டான். நாங்க பேசி ஆறு வருஷமாச்சு.

பெரிய காரணம் வேணுமா? என் வீட்டுக்காரர் கில்பர்ட் செத்தாரு. அடக்கம் மே பதினஞ்சு. அன்னைக்கு இறால் சீசன் திறக்கிற நாளு. எங்க கல்லறைத் தோட்டம் கால்வாய் ஓரமாவே இருக்கு. பாதிரியார் ஜெபம் சொல்லிக்கிட்டிருக்காரு, பெட்டியை இறக்குறாங்க, எதிர்ல என் தம்பி படகு போகுது. வலையெல்லாம் கட்டி, கம்பு ரெண்டும் தூக்கி நிக்குது. வேகம்கூடக் குறைக்கலை. அந்த அலை வந்து கரையில அடிச்ச சத்தம் இன்னும் காதுல இருக்கு. அந்த வருஷம் ஒரு நாள் பிந்திப் போயிருந்தா என்ன, இறால் முழுக்க ஓடிப் போயிருக்குமா? கில்பர்ட்தான் அவனுக்கு அந்தப் படகோட இன்ஜினை மூணு தடவை பிரிச்சு மாட்டிக் குடுத்தாரு. கழுதை. சின்ன வயசுலேர்ந்தே கழுதை. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை அவன் வாயில வராது. அதுக்குப் பதிலா ஒரு கூடை இறாலை என் வாசல்ல வச்சிட்டுப் போனான். நான் அதை அப்படியே வெயில்ல விட்டுட்டேன். தெருவே நாறுச்சு.

அது இருக்கட்டும். நீங்க வந்த விஷயத்துக்கு வருவோம்.

செப்டம்பர்ல சட்டம் அமலாச்சு. அக்டோபர்ல ஒரு கடிதம், உங்க இடம் வேணும், இந்த விலை தர்றோம்னு. நவம்பர்ல இன்னொண்ணு. ஜனவரியில கடைசி. மார்ச்ல கோர்ட்டு அமர்த்தின மூணு பேரு உக்காந்து விலை முடிவு பண்ணாங்க. எர்வின் வரலை. அவனுக்குப் பதிலா ஒரு ஆளும் வரலை. இருபது நிமிஷத்துல முடிஞ்சுது. இப்ப ஆட்சேபணை போடறதுக்கு வர்ற திங்கக்கிழமை கடைசி நாளு, சரிதானே? பக்கத்துல படகை நிறுத்துற துவான் போய், டேய், உன் நிலத்துல எவனோ கம்பு நட்டு ரிப்பன் கட்டியிருக்கான்டான்னு சொல்லித்தான் அவனுக்கே தெரிஞ்சிருக்கு. துவான்தான் உங்ககிட்டக் கூட்டிக்கிட்டு வந்தானாமே. நல்ல மனுஷன். வியட்நாம்ல சைகோன்லேர்ந்து வந்து நம்ம பாஷையை ராய்ஸைவிட நல்லாப் பேசுறான்.

ஜட்ஜ் முன்னால ராய்ஸ் என்ன சொல்லுவாருன்னு இப்பவே சொல்லிடறேன். மூணு கடிதம் அனுப்பினோம், பதிலே இல்லை, ஆட்சேபணை இருந்தா சொல்லியிருப்பான்ல, திமிர் புடிச்சவன், இப்ப விலையை ஏத்தப் பாக்குறான். தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு சொல்லுவாரு.

என்னது அது, பையிலேர்ந்து எடுக்கிறீங்க?

மூணு கடிதமும் இருக்கா?

பிரிக்கவே இல்லையா.

எங்க வச்சிருந்தானாம்? படகுலயா. ம். வாரியத்து முத்திரை அவனுக்குத் தெரியும். நங்கூரம் போட்டது. என்கிட்டேர்ந்து வந்ததுன்னு நினைச்சிருப்பான். அவனே சொன்னானா? அக்கா திட்டி எழுதியிருக்கான்னு நினைச்சேன்னு.

இல்லை, ஒண்ணுமில்லை. ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கிறேன், இந்த நேரத்துல வெயில் நேரா அடிக்கும்.

இவங்களைச் சொல்றேனே, ராய்ஸு, லிண்ட்லி, வாண்டா, அந்த ஆஸ்டின் ஆளுங்க. அவங்க யாருக்கும் ஆறாம் பிரிவுல என்ன இருக்குன்னு தெரியாது. பிரஸ்காட்டுக்குத் தெரியும். அப்புறம் எனக்குத் தெரியும். நான்தான் படிச்சேன், ஜனவரியிலயே, அன்னைக்குச் சாயங்காலமே அலமாரியைத் திறந்து எடுத்து வச்சுப் படிச்சேன். யாரோட துறை போகப்போகுதுன்னு புரிஞ்சுது. திரும்ப உள்ள வச்சுப் பூட்டிட்டு வீட்டுக்குப் போனேன். எழுதிக்குங்க, அதை எழுதிக்குங்க. வேலை போகும், தெரியும். இந்த வேலையைப் பாத்தீங்கல்ல.

இருங்க, அது பெரிசில்லை. படிச்சிட்டு இவ சும்மா இருந்தாள்னு சொன்னா ஜட்ஜ் என்ன பண்ணுவாரு, ஊர்ல பாதிப்பேரு அப்படித்தான். நீங்க கேக்க வேண்டியது வேற. கடிதம் போனப்ப அது அவனுக்குப் போய்ச் சேராதுன்னு வாரியத்துல யாருக்காவது தெரியுமான்னுதானே கேட்டீங்க, வந்ததும் வராததுமா?

எர்வினுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு எழுத்துகூட. அவனோட குடித்தனம் பண்ணின ரெண்டு பொண்டாட்டிக்கும் தெரியாது அது. கண்ணாடி மறந்துட்டேன்பான், சட்டைப் பையில கண்ணாடி இருக்கும், பவர் இல்லாத வெறும் கண்ணாடி. உங்ககிட்டயும் அதேதான் சொன்னானா? பாத்தீங்களா. கோயில் முடிஞ்சு ஞாயித்துக்கிழமை நான் போவேன், அந்த வாரம் வந்த தபாலையெல்லாம் படிச்சுக் காட்டுவேன். லைசன்ஸு, இன்சூரன்ஸு, சர்க்கார் நோட்டீஸு, எல்லாம். முப்பது வருஷம். கில்பர்ட் போனதுக்கப்புறம் நிறுத்திட்டேன்.

மூணு கடிதமும் நான்தான் அடிச்சேன். நான்தான் பதிவுத் தபால்ல போட்டேன். வாங்கினதுக்குக் கையெழுத்துப் போட்டு ஒரு பச்சை அட்டை திரும்பி வரும், இந்த உறையில இருக்கு, எடுத்துக்குங்க. பேரு மட்டும் போடுவான். பதினாறு வயசுல படகு லைசன்ஸ் வாங்கறதுக்காக, மளிகைப் பையைக் கிழிச்சு வச்சு நான் சொல்லிக்குடுத்தது. ரெண்டாவது எழுத்தை இன்னும் திருப்பிப் போட்டுத்தான் எழுதுறான், பாருங்க. மூணு அட்டையிலயும் திரும்பியிருக்கு. பாத்தேன். வந்த தேதியைக் குத்தி, ஃபைல்ல வச்சேன்.