கைப்பிடிப் பக்கம்

பயப்படாதீங்க சார், அறுந்தெல்லாம் விழாது. இருபத்திரண்டு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பாக்கறேன், சினிமால தவிர ஒண்ணுகூட விழுந்து நான் பாத்ததில்ல. மோட்டார் சூடாகித் தானா நின்னிருக்கு, அவ்ளோதான். பத்து நிமிஷம் ஆறினதும் மெதுவா மூணாவது மாடிக்கு ஏத்திடறேன். கதவை ஒரு சாண் தெறந்து வெச்சிருக்கேன்ல, காத்து வருதா? ம். ஃபைலை மடியில வெச்சுக்கிட்டுத் தரையிலயே உக்காருங்க. யாரு பாக்கப்போறா, நான் மட்டுந்தானே?

தெரியும் சார், கட்டடப் பிரிவு இன்ஜினியர் வந்திருக்காருன்னு காலேஜ் வாசல்ல செக்யூரிட்டி சொன்னாரு. பெரிய படிக்கட்டை இடிச்சிட்டு அங்க ரெண்டு புது லிஃப்ட்டு, மாடிக்கு ரெண்டு ரூம், அதானே? அட, பின்னாடி அவசரப் படி இருக்கு சார், நான் இல்லேங்கல. அதுல யாரு உக்காருவா? எலி உக்காரும்.

கொஞ்சம் குனிஞ்சு அந்த இடுக்கு வழியாப் பாருங்க. நேரெதிர்க்கத் தெரியுதா? ஆறு பேர் தோளோட தோள் உரசாம எறங்கலாம். மேல கண்ணாடிக் கூரை, பகல்ல லைட்டே வேணாம். நான் லிஃப்ட்டுக்காரன், படிக்கட்டைப் புகழ்ந்தா என் பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுக்கற மாதிரிதான். ஆனா உள்ளதைச் சொல்லணும்ல? பெல் அடிச்சா நாலு நிமிஷத்துல முந்நூறு பிள்ளைங்க அதுல எறங்கிடுதுங்க. என்னுதுல எட்டு பேர். அந்த எட்டு பேரும் என்ன பண்றாங்க? பரீட்சை ரிசல்ட் பாக்கற மாதிரி மாடி நம்பரையே அண்ணாந்து பாத்துட்டு நிக்கறாங்க. படியில அந்தக் கதை நடக்காது சார். எறங்கறவன் ஏறறவன் மூஞ்சியைப் பாத்தே ஆகணும்.

நம்ம இயற்பியல் வாத்தியார் இருக்காரே, உம்மணாமூஞ்சி, அவரும் ஓவியம் சொல்லித் தர்ற அம்மாவும் அந்தத் திருப்பத்துல நின்னு நிழலுக்கு நிறம் உண்டா இல்லையான்னு ரெண்டு மாசம் சண்டை போட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் சேந்து ஒரு வகுப்பே எடுக்கறாங்க, உக்கார எடமில்ல. அப்புறம் மொதல் வருஷத்துப் பொண்ணு ஒண்ணு, நாலு பேர் முன்னாடி பேசணும்னா திக்கும். காலையில ஆளில்லாதப்போ வெறும் படியைப் பாத்துப் பேசிப் பழகும். ஒருநாள் முழுசா முடிச்சுது பாருங்க, நான் ஸ்பேனரைக் கீழ போட்டுட்டுக் கைதட்டிட்டேன். பாவம், பயந்தே போச்சு.

என்ன சார்? ஆமாமா, லிஃப்ட் அடிக்கடி நிக்குதுன்னுதானே இந்தத் திட்டமே கெளம்புச்சு. எத்தனை தடவைன்னு போட்டிருக்கு? முப்பத்தொண்ணா? ரிப்பேர் சீட்டுல பூரா என் கையெழுத்துதான் இருக்கும். தேதியை ஒரு பார்வை பாருங்களேன். ரெண்டைத் தவிர எல்லாம் செவ்வா, வியாழன். நேரம் நாலு மணியை ஒட்டி. நாலரைக்கெல்லாம் சரியாகியிருக்கும்.

ஏன்னா செவ்வா, வியாழன்தான் நான் இங்க வர்ற நாள். இருபத்தொன்பது தடவையும் நான்தான் சார் நிறுத்தினேன்.

கத்தாதீங்க, எதிரொலிக்குது. இன்னிக்கி சத்தியமா நானில்ல, இது நெசமான ரிப்பேர். கால் முடியாதவங்க யாராவது வந்து நின்னா அன்னிக்கும் ஓட விட்டுடுவேன், அந்த அளவு பாவி இல்ல.

மேல நாலாவது மாடியில புள்ளியியல் சொல்லித் தர்ற டீச்சர் ஒருத்தி. என் மகதான். அவ கல்யாணத்துக்கு நான் போகல. பையன்மேல ஒரு குத்தமும் இல்ல, என்னைக் கேக்காம முடிவு பண்ணிட்டாளேன்னு வீம்பு. அஞ்சு வருஷம் பேச்சில்ல. இவ இங்க வேலைக்குச் சேந்தான்னு தெரிஞ்சதும் கம்பெனில கெஞ்சி இந்தக் கட்டடத்து லிஃப்ட் வேலையைக் கேட்டு வாங்கினேன். மொத நாள் லிஃப்ட்டுக்குள்ளயே வந்தா. நானும் அவளும் மட்டுந்தான். நாலு மாடியும் நம்பரைப் பாத்துட்டே எறங்கிப் போயிட்டா.

அடுத்த தடவை நிறுத்திட்டேன். அந்தா, அந்தப் படியில டூல் பையோட உக்காந்துட்டேன். நாலு மணிக்கு வகுப்பு முடிஞ்சு நடந்து வந்தா. திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு மாசம் கழிச்சு நடை கொஞ்சம் மெதுவாச்சு. அப்புறம் நாலு படி தள்ளி உக்காந்து டப்பாவைத் தெறந்து சாப்பிடுவா. பேச்சுதான் கெடையாது. எனக்கு அதுவே போதும் சார்.

போன மாசம் ஒரு கை கைப்பிடியில, ஒரு கை வயித்துல வெச்சு எறங்கி வந்தா. தாத்தா ஆகப்போறேன்னு எனக்கு அப்பத்தான் தெரியும். எனக்கு என்மேலயே ஆத்திரமா வந்துச்சு. வயித்துப்பிள்ளைக்காரியை நாலு மாடி எறங்க விட்டுட்டேனே! அன்னியோட நிறுத்தறதை விட்டுட்டேன். இனிமே அவ லிஃப்ட்டுல போயிடுவா, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

போன வியாழன் லிஃப்ட் ஜோரா ஓடிட்டிருக்கு. அவ படியில வர்றா. வந்து பக்கத்துலயே உக்காந்து, லிஃப்ட் ஓடுதே, ஏம்ப்பா இங்க உக்காந்திருக்கேன்னு கேட்டா. அஞ்சு வருஷத்துல மொத வார்த்தை. நீ ஏம்மா நடந்து வர்றேன்னேன். டாக்டரே நடக்கத்தான் சொன்னாங்கன்னா. அப்புறம் சிரிச்சுட்டு, இருபத்தொன்பது தடவையும் செவ்வா வியாழன், நாலு மணி, எனக்கே கணக்குத் தெரியாதான்னா.

அதனால எழுதிக்கோங்க சார். லிஃப்ட்டுல குறையில்ல, லிஃப்ட்டுக்காரன்மேலதான் குறை. கையெழுத்து போட்டுத் தர்றேன். கம்பெனி என்னை அனுப்பிடும், அனுப்பட்டும். படிக்கட்டை மட்டும் விட்டுடுங்க.

ஆறிடுச்சு போல. பிடிச்சுக்கோங்க, ஏத்தறேன்... ம், வந்துட்டோம். கால் பாத்து. மணி நாலாகப்போகுது, பெல் அடிச்சா கூட்டம் வரும். படியில போறீங்களா? போங்க சார். கைப்பிடிப் பக்கம் மட்டும் விட்டுட்டுப் போங்க, அவ வர்ற நேரம்.