கண்ண மூடிட்டு வர்ற கஸ்டமருங்க

...நம்ம ஃபர்னிச்சர் கடைக்கு வெப்சைட்டே வேணாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேம்மா. உக்காருங்க, தாராளமா உக்காருங்க, சோஃபா உங்களோடதுதான். என் சம்சாரம் கேட்டாத்தானே? இப்ப பாருங்க, இன்னிக்கு ஒரு சாமானாவது போகலேன்னா கடைச் சாவி அவ அண்ணன் கைக்குப் போகுமாம். முடிவா சொல்லிட்டா. அதோ, எதிர்க்கடையில டீய ஆத்திக்கிட்டு இந்தப் பக்கமே பாக்குறாரே, அவருதான்.

எல்லாம் அந்த வெப்சைட் டிசைன் பண்ற பொண்ணால வந்த வினை. எழுத்து பெருசா இருக்கணுமாம், வெள்ளையில மஞ்சள் எழுத்து கூடாதாம், மவுஸ் பிடிக்க முடியாதவங்க கீபோர்டுலயே எல்லாத்தையும் பாக்கணுமாம். சரி, செஞ்சிட்டுப் போன்னு விட்டேன். அப்புறம், ஒவ்வொரு படத்துக்கும் பின்னாடி நாலு வரி எழுதணும்னு சொன்னா. ஸ்கிரீன்ல தெரியாதாம். கண்ணு தெரியாதவங்க வந்தா, போனே அத வாய்விட்டுப் படிக்குமாம். "உங்க சாமான் உங்களுக்குத்தானே தெரியும், நீங்களே எழுதுங்க அங்கிள்"ங்கிறா.

எழுத உக்காந்தா கை ஓடல. ஏம்மா, கண்ணு தெரியிறவங்ககிட்ட நாலு பொய் சொன்னா அது வியாபாரம். தெரியாதவங்ககிட்ட சொன்னா பாவம் இல்லையா? உள்ளத உள்ளபடி எழுதிட்டேன். 'இந்த பீரோ கதவ இடுப்பால இடிச்சாத்தான் மூடும்.' 'தேக்குன்னு சொல்லுவோம், நம்பாதீங்க.' இப்படியே எல்லாத்துக்கும்.

எவனோ அத போன்ல படிக்கவிட்டுக் கண்டுபிடிச்சிட்டான். இப்ப கண்ணு நல்லா தெரியிறவனெல்லாம் காதுல இயர்போன மாட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, கடைக்குள்ள தடவிட்டு வர்றான். நேத்து ஒரு வாத்தியார் கண்ணாடி ஷோகேஸ்ல நேரா போய் முட்டிக்கிட்டாரு. "கண்ணத் தொறங்க சார்"ங்கிறேன், "தொறந்தா ஏமாந்துருவேன்"ங்கிறாரு.

என்ன, அழிச்சிடலாமேங்கிறீங்களா? அந்தப் பொண்ணுகிட்ட கேட்டாச்சு. "அதுக்குப் பதிலா நல்ல சாமானா வாங்கி வைங்க அங்கிள்"ங்கிறா. பேசுற பேச்சாம்மா இது?

நீங்க ஒருத்தராவது கண்ணத் தொறந்துக்கிட்டு வந்தீங்களே, வயித்துல பால வாத்தீங்க. பில்லு போட்டுடவா?... போன ஏம்மா எடுக்குறீங்க? காதுல என்ன மாட்டுறீங்க... கண்ண ஏம்மா மூடுறீங்க?

அது பழைய வரிம்மா. சோஃபா பின்கால் செங்கல்லு மேல நிக்குதுன்னுதானே வருது? அது அப்போ. இப்ப ரெண்டு செங்கல்லு வெச்சிருக்கேன், கெட்டியா நிக்கும்... மெதுவா எந்திரிங்க, சாஞ்சிரும்... அட, வாசப்படி இருக்கு, கண்ணத் தொறந்துட்டாவது போங்கம்மா.

வாங்க மச்சான். பாத்துட்டே இருந்தீங்களா? இந்தாங்க சாவி. எதுக்கு நிக்கிறீங்க, அந்த சோஃபாவுல நல்லா சாஞ்சு உக்காருங்க.