ஜெர்மினா தோட்டத்துக் கொடி

கத்தியை உள்ள வைங்க தம்பி. கொடி எங்கயும் ஓடிப்போகாது. பதினோரு ஊருக்கு நடறதுக்கு வெட்டணும், விவசாய ஆபீஸ் வண்டி காத்துக்கிட்டு நிக்குது, எல்லாம் தெரியுது. முதல்ல இந்தக் கொக்கோ டீயைக் குடிங்க.

ஆமா, இலை நல்லாத்தான் இருக்கு. பாத்தா யாருக்கும் ஆசை வரும். போட்டோவா? வேணாம், இந்த அழுக்குக் கவுனோட எங்க நிக்கறது.

ஊர்க் கூட்டத்துல நான் பேசினது உங்க காதுக்கும் வந்துடுச்சா? வராம இருக்குமா, தீவு முழுக்கச் சொல்லிட்டாங்க. புயலடிச்சா வாழை மொத்தமும் சாஞ்சிடும், ரோஸோ துறைமுகத்துக்குக் கப்பல் வராது, மண்ணுக்குள்ள இருக்கறதுதான் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு, இந்த ஜெர்மினாவோட சக்கரவள்ளியை நம்புங்கன்னு மார்ல தட்டிச் சொன்னேன். பள்ளிக்கூடத்துல அரிசியைக் குறைச்சிட்டு என் கிழங்கை எழுதிக்கிட்டாங்க. இந்த வருஷம் பாத்துப் புயலே வரல. ஏழு வாரம் விடாம மழை பேஞ்சுது. புயலுக்குத்தான் தயாரா இருந்தேன்.

இல்லல்ல, பள்ளிக்கூடத்துக்குக் கிழங்கு மூட்டை தவறாம போச்சு. எல்லாச் செவ்வாக்கிழமையும். அங்க சமையல் பாக்கற எர்னெஸ்டின்கூட, என்னடி, இந்த வருஷம் உன் கிழங்கு ஒரே அலசுல மண்ணை விட்டுடுது, சோப்புப் போட்டு வளக்கறியான்னு கேட்டுச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். என் மகளுக்கு ஞானத்தாய் அவ. அப்பவே சொல்லியிருக்கலாம். மார் தட்டின கையை எங்க கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியல.

நீங்க கொடி கொண்டுபோற அந்த மேட்டு ஊருங்கள்ல இங்கயவிட மழை ஜாஸ்தி இல்ல? ரோடு அறுந்துச்சுன்னா பத்து நாளைக்கு ஒரு வண்டி போகாது. அவங்க இதை மட்டும் நம்பியா நடப் போறாங்க? வேற எதுவுமே போடலையா? சரி.

அந்த மண்வெட்டியை எடுங்க. எந்த இடத்துலயா? உங்களுக்குப் பிடிச்ச இடத்துல போடுங்க. இன்னும் கொஞ்சம் ஆழமா. கிட்டப் போய் மோந்து பாக்காதீங்க தம்பி, மாசக்கணக்கா இந்த நாத்தத்தோடதான் நான் தூங்கறேன். அந்தப் பக்கமும் இப்படித்தான். மேல இலை, கீழ கூழு.

கப்பல்ல வர்ற கிழங்கு கழுவித் தொடைச்சு வரும். திங்கக்கிழமை ரோஸோவுல வாங்கிட்டு வருவேன். அதோ, அந்த நீல வாளியிலதான் சேறு கரைச்சு அது மேல பூசறது. பள்ளிக்கூடத்துக்குப் போனதுல அந்தச் சேறு மட்டும்தான் என் தோட்டத்துது.