முதுகுக்கு எட்டாத பொடி

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று தச்சநல்லூரில் சொந்தமாக மூன்று கடை வைத்திருக்கிறேன். என் காதுக்கு எதுவும் தப்பாது. அம்பாசமுத்திரம் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள், பஸ்ஸில்தான் பழக்கமானவர்கள், பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கஸ்தூரி மஞ்சள், பாசிப்பயறு, ஆவாரம்பூ அரைச்சுத் தேய்க்கேன். மேலு பூரா பட்டாட்டம் ஆயிட்டு. முதுகுதான் சொரசொரன்னு கெடக்கு," என்றாள் மூத்தவள்.

"பொடி முதுகுக்குப் பத்தலையாக்கும் யக்கா?" என்று சிரித்தாள் இளையவள்.

"கை எட்டணும்லா? முன்னெல்லாம் ஆத்துல குளிக்கையில ஒருத்திக்கொருத்தி தேய்ச்சு விடுவோம். மவன் வீட்டுக்குள்ளயே குளியலறை கட்டிக் குடுத்துட்டு மெட்ராஸ் போயிட்டான். இப்பம் அந்தக் கதவுக்குள்ள நான் ஒருத்திதான்."

"வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. ஆத்துல வச்சு நான் தேய்ச்சு விடுதேன்."

சேரன்மகாதேவியில் இளையவள் இறங்கினாள். மூத்தவள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஏ தாயி, எந்தத் தெருன்னு சொல்லலியே!"

பஸ் நகர்ந்துவிட்டது.