சிக்ரூம் அம்மா

பையன்களுக்குக் குவினைன் கொடுப்பதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும். கரண்டியை வாயருகே கொண்டுபோகும்போது ஏதாவது கேள்வி கேட்க வேண்டும். நேற்றுப் பந்தாட்டத்தில் யார் ஜெயித்தது, வீட்டிலிருந்து யாராவது பார்க்க வந்தார்களா, இப்படி. பதில் சொல்ல வாயைத் திறப்பார்கள், மருந்து உள்ளே போய்விடும். என் காலத்தில் ஒரு பையனையும் மூக்கைப் பிடித்து விழுங்கவைத்ததில்லை.

இன்ஸ்பெக்டர் துரைக்கு இது வேண்டாத பேச்சாகத் தோன்றலாம். ராமதாஸ் தம்பி, மொழிபெயர்க்கும்போது இதையும் விடாமல் சொல்லுங்கள். அந்தக் கரண்டியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சூலியா தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் சீனி முகம்மதுவைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். எங்கள் பள்ளிச் சாப்பாட்டு மண்டபத்துக் குப்பியில் குவினைனே இல்லை என்று டாக்டர் சொன்னார், நீங்கள் அவர் கடையைப் பூட்டினீர்கள். அவர் கொடுத்த சரக்கில் ஒரு குறையும் இல்லை. "அக்கா, நம்ம பிள்ளைங்க குடிக்கிறது லா, மட்டமானதைக் கொடுப்பேனா?" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். உண்மையாகத்தான் சொன்னார். அந்தக் குவினைன் முழுவதும் என் அலமாரியில் இருந்தது. குப்பியில் இருந்தது ஆயர் ஈத்தாம் பசாரில் வாங்கிய கசப்பு வேரை ஊறவைத்த தண்ணீர். கசந்தது, அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் ஞானாம்பிகை. யாழ்ப்பாணத்தில் மிஷன் ஆஸ்பத்திரியில் தாதி வேலை படித்தேன். கணவர் அப்புத்துரை பிறை ஸ்டேஷனில் ரயில்வே கிளார்க்காக இருந்து, நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டார். ஆல்டன் காலேஜ் சிக்ரூமில் நோயாளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். சம்பளத்தோடு என் மகனுக்கும் அங்கே படிக்க இடம் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பள்ளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலையடிவாரத்தில் கருங்கல் கட்டடம், முன்னால் கிரிக்கெட் திடல். ராஜ குடும்பத்து மலாய்ப் பிள்ளைகள், சீன முதலாளிகளான தவுக்கேமாரின் மகன்கள், டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடம். என் மகன் திருநாவுக்கரசு அங்கே படிக்கப் போகிறான் என்றதும் எங்கள் சனம் என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது.

ஒரு நிபந்தனை இருந்தது. பள்ளி எல்லைக்குள் அவன் என் மகன் அல்ல, மற்றப் பையன்களைப் போல ஒருவன். மற்றவர்கள் எல்லாரும் என்னை 'சிக்ரூம் அம்மா' என்றே கூப்பிட்டார்கள். சீனப் பிள்ளைகள்கூட 'அம்மா' என்பார்கள். அவன் மட்டும் 'மிஸிஸ் அப்புத்துரை' என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டான்.

அந்தப் பள்ளியில் பெரிய பையன்கள் 'கோர்ட்' என்று ஒன்று நடத்துவார்கள். சனிக்கிழமை பிற்பகல், சப்பாத்து, பூட்ஸ் வைக்கும் அறையில். தலைமைப் பையன்தான் நீதிபதி. ஆசிரியர்களுக்குத் தெரியும், தலையிடமாட்டார்கள். அந்த வருஷம் தலைமைப் பையன் விஸ்வலிங்கம். தைப்பிங்கில் பெயரெடுத்த டாக்டரின் மகன். எங்கள் ஊர்க்காரன்தான். கோயிலில் அவனுடைய தாய் என்னைக் கண்டால் நின்று பேசுவார்.

ஒரு நாள் சின்னப் பையன் ஒருவனை முதுகு கிழிய அடித்து, என்னிடம் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். யார் அடித்தது என்று அவன் சொல்லவில்லை. நான் என் மகனிடம் கேட்டேன். கேட்டதால் சொன்னான். நான் தலைமை ஆசிரியரிடம் போனேன். அடித்தவனுக்குப் பிரம்படி கிடைத்தது. சொன்னவனுக்குக் கோர்ட்டில் தண்டனை கிடைத்தது: விடுமுறை வரும்வரை, அந்தத் தவணை முழுவதும் அவனோடு யாரும் பேசக்கூடாது.

அவ்வளவுதான், துரை. ஒருவரும் அவன்மேல் கை வைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் சோற்றுத் தட்டை அவன் பக்கம் தள்ளமாட்டார்கள். அவன் கேள்வி கேட்டால் சுவரைப் பார்ப்பார்கள். அவனோடு ஒரே கட்டில் வரிசையில் படுத்தவர்கள் அவன் இல்லாதது போல அவன் கட்டில்மேல் துணி போட்டார்கள். நான் மறுபடியும் தலைமை ஆசிரியரிடம் போனேன். இது பிள்ளைகளின் சொந்தச் சட்டம், தமக்கும் முந்தியது என்றார். என்னை மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார்.

என் அரசு சிக்ரூமுக்கு வரத் தொடங்கினான். ஒன்றும் சொல்லமாட்டான், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் விஸ்வலிங்கம் வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, இவனுக்குக் காய்ச்சலோ?"

நான் மகனுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. "இல்லை" என்றேன்.

"அப்ப இவன் இங்க இருக்கேலாது."

என் மகன் எழுந்து போனான். மறுநாள் காலை விடுதியில் அவன் கட்டில் காலியாக இருந்தது. படகேறி அக்கரைக்குப் போய், தாசேக் கெலுகோரில் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த என் ஒன்றுவிட்ட தம்பி நல்லமுத்துவிடம் சேர்ந்திருக்கிறான். அது புதிதாகக் காடு வெட்டிய தோட்டம், கூலிகள் கொத்துக்கொத்தாகக் காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்த நேரம். அவனும் விழுந்தான். எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேருமுன் எரித்துவிட்டார்கள். நல்லமுத்து ஒன்று மட்டும் சொன்னான்: "அக்கா, கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவேயில்லை. பேச்சு மறந்த பிள்ளை மாதிரி கிடந்தான்."

நான் பள்ளிக்குத் திரும்பி வந்தேன். அதை வைத்து என்னைத் தவறாக நினைக்க வேண்டாம். பழி வாங்குவதற்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்குப் போக வேறு இடம் இல்லை, வேலை தெரியும், பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கும். விஸ்வலிங்கம் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனார். பல வருஷம் கழித்து அதே பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். பிறகு விடுதிக்குப் பொறுப்பான ஹவுஸ் மாஸ்டர் ஆனார். தமிழர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. என்னைக் கண்டதும் கைகுவித்து, "அம்மா, நீங்கள் இன்னும் இங்கதானோ? எனக்குப் பெரிய சந்தோசம்" என்றார். நானும் சந்தோஷம் என்றேன். மனைவியை இழந்தவர். மகன் அம்பலவாணனையும் விடுதியிலேயே சேர்த்தார். சலுகை இருக்கக்கூடாது என்று தன்னை 'அப்பா' என்று அல்ல, 'சேர்' என்றே கூப்பிடும்படி மகனிடம் சொன்னார். அப்போதும் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

சென்ற வருஷம் பள்ளியின் ஆண்டு விழா. பெற்றோர், பழைய மாணவர்கள், பட்டுச் சட்டைக்காரர்கள், மண்டபம் நிறைய ஆட்கள். விஸ்வலிங்கம் பள்ளியின் சரித்திரத்தைப் பேசினார். நன்றாகப் பேசுவார். முதல் கட்டடம், முதல் கிரிக்கெட் வெற்றி, எல்லாம் சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்கு வந்தார். எங்களை மனிதர்கள் ஆக்கியது அதுதான் என்றார். என் காலத்தில் ஒரே ஒரு பையன்தான் தாங்கமாட்டாமல் ஓடிப்போனான், பாவம், பெயர்கூட மறந்துவிட்டது என்றார். சபை சிரித்தது. கெட்ட சிரிப்பு அல்ல. பழைய குறும்பைக் கேட்டு மனிதர்கள் சிரிப்பார்களே, அந்த மாதிரி. நான் பின்வரிசையில், மயங்கி விழும் பிள்ளைகளுக்காகத் தண்ணீர்க் கூஜாவோடு நின்றிருந்தேன்.

விழா முடிந்ததும் அவரிடம் போய்க் கேட்டேன். "ஓடிப்போன அந்தப் பொடியனுக்கு என்ன நடந்தது, சேர்?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "தெரியேல்லையே அம்மா. வீட்டுக்குப் போயிருப்பான்" என்றார்.

அவர் பொய் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன்.

பள்ளிக்குப் பின்னால் புதிய நீர்த்தொட்டிக்காக மண் தோண்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் அந்தக் குழிகள் நிரம்பி, கொசு மொய்த்தது. அதனால்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலைச் சாப்பாட்டோடு குவினைன் என்று டாக்டர் உத்தரவு போட்டார். குப்பியைக் கலப்பது என் வேலை. மண்டபத்தில் நின்று எல்லாரும் விழுங்குகிறார்களா என்று பார்ப்பது ஹவுஸ் மாஸ்டர் வேலை. ஒவ்வொரு காலையும் அவர் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் ஏன் கசப்புத் தண்ணீர் கொடுத்தேன் என்றால், ஒரு பிள்ளை மட்டும் நோயில் விழுந்தால் கேள்வி வரும். பலர் விழுந்தால் அது காய்ச்சல் காலம். அப்படித்தான் ஆயிற்று. சிக்ரூமில் கட்டில் போதாமல் வராந்தாவிலும் படுக்க வைத்தோம். அந்தப் பிள்ளைகளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று டாக்டரிடம் கேளுங்கள். படுக்கையில் விழுந்த உடனே அலமாரியிலிருந்து நல்ல குவினைனை எடுத்துக் கொடுத்தேன். நெற்றித் துணி மாற்றினேன், கஞ்சி ஊட்டினேன். ஒருவரையும் சாக விடவில்லை. பெற்றோர்கள் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

அம்பலவாணன் கொஞ்சம் பிந்தித்தான் விழுந்தான். எனக்குப் பயமாகவே இருந்தது, விழாமலே போய்விடுவானோ என்று. அவனுக்கு ஜன்னலோரக் கட்டில் கொடுத்தேன். கிரிக்கெட் திடல் தெரியும். அவனுக்கு மட்டும் குப்பியை மாற்றவில்லை.

இரண்டாம் தடவை குளிர்நடுக்கம் வந்தபோது விஸ்வலிங்கம் பயந்துவிட்டார். ஹவுஸ் மாஸ்டர் முகம் கழன்று விழுந்து, தகப்பன் முகம் வந்துவிட்டது. "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவமோ, அம்மா?" என்று கேட்டார்.

"வண்டியில குலுங்கினால் இன்னும் கூடிப்போகும், சேர். இஞ்சயே இருக்கட்டும். மற்றப் பிள்ளையள் எழும்பினமாதிரி இவரும் எழும்புவார்" என்றேன்.

"நீங்கள் பாத்தால் எனக்குப் போதும்" என்றார்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள், தம்பி. நான் பிள்ளையை ஒளித்து வைக்கவில்லை. தகப்பனே கொடுத்தார்.

பையன் நல்ல பையன். மருந்து நேரம் வந்தால் தானே வாயைத் திறப்பான், நான் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. "நான் எப்ப விளையாடப் போகலாம், அம்மா?" என்பான். "வாற கிழமை" என்பேன். "அப்பா நேத்து என்னை மகன் எண்டு கூப்பிட்டார்" என்று ஒரு நாள் ரகசியம் போலச் சொன்னான். அதற்காகவே இன்னும் கொஞ்ச நாள் படுத்திருக்கலாம் என்றான். பிறகு காய்ச்சல் தலைக்கு ஏறியது. டாக்டர் வந்து ஊசி போட்டார். காலம் கடந்துவிட்டது, ஊசிக்கு வேலை இல்லை. பட்டப்பகலில், திடலில் பையன்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போது போனான். விஸ்வலிங்கம் என் கைகளைப் பிடித்து, நீங்கள் அவனுக்குத் தாயாக இருந்தீர்கள் என்று அழுதார்.

மற்றவர்கள் எல்லாரும் பிழைக்க இவன் மட்டும் ஏன் என்று டாக்டருக்கு உறுத்தியிருக்கிறது. மண்டபத்துக் குப்பியை எடுத்துப்போய்ச் சோதித்தார். நீங்கள் சீனி முகம்மதுவின் கடைக்குப் போனீர்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அன்று மாலை விஸ்வலிங்கம் என்னிடம் வந்து, அந்தக் கடைக்காரனை என் கையாலேயே கொல்லுவேன் என்றார். அவர் கண்ணில் இருந்ததை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அது வேறொருவருக்குப் போகிறதே என்று இருந்தது. அது எனக்கு வரவேண்டியது. ஒரு மருந்துக்கடைக்காரரை வெறுத்துக்கொண்டே அவர் கிழவராகிச் சாவதற்காகவா நான் இவ்வளவும் செய்தேன்?

அதனால் இன்று இங்கே வருவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போனேன். வரவேற்பறையில் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் மகன் பெயரை முழுமையாகச் சொன்னேன். வேரை எங்கே வாங்கினேன், எப்படி ஊறவைத்தேன், அவர் என் பக்கத்தில் நின்ற காலைகள், எல்லாம். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றார். "நான் அப்ப சின்னப் பொடியன். எனக்குத் தெரியாது. என்னைக் கொன்றிருக்கலாமே. அவன் உங்களை என்ன செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை" என்றேன்.

நான் இறங்கி வந்து ரிக்‌ஷா பிடித்தேன். அம்பலவாணன் தகப்பனிடம் என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் இனி அவருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அதைத் தடுக்க எந்த மருந்தும் இல்லை.

ராமதாஸ் தம்பி, நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. துரை என்னைப் பார்க்கும் விதம் எனக்குப் புரிகிறது, அதனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையை நான் வதைக்கவில்லை. ஒரு பொழுதும் தனியாக விடவில்லை. கண்மூடிக் கிடந்தபோதுகூட, கேட்கும் என்று நினைத்து, கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அவனோடு பேசிக்கொண்டே இருந்தேன். எந்தத் தாயும் அதைவிட என்ன செய்துவிட முடியும்?